எதிர் வசனம் படிக்கிறவர்

எழிலரசி அம்மனாக நடித்த பிறகு ஆறு மாதம் முருகவேலால் பொண்டாட்டியோடு நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. யூடியூபில் வந்த ஒரு பக்திப் பாட்டு அது. மஞ்சள் புடவை, அட்டையில் செய்த கிரீடம், கையில் தகரச் சூலம். மூன்று நிமிடம் சிரித்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கப்புறம் ஒரு நாள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவள் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள் பையைத் தரையில் வைத்துவிட்டு அவளைக் கும்பிட்டார்கள். எழிலரசி பஜ்ஜியைப் புருஷன் கையில் கொடுத்தாள். வாயைத் துடைத்தாள். வலது கையைத் தூக்கி, பாட்டில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். அவர்கள் போனதும் பஜ்ஜியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நடுரோட்ல அவங்க நம்பிக்கைய ஒடைக்கக் கூடாதுங்க" என்றாள்.

எந்த வேலை வந்தாலும் இதே கவனம்தான். டெங்கு ஒழிப்புத் தெரு நாடகத்தில் அவள் கொசு. ஊர் ஊராகப் போய் ரீங்காரம் போட்டாள். அதற்காக ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து கொசு எப்படி இறங்குகிறது என்று பார்த்தாள். ஒரு மசாலாப் பொடி விளம்பரத்தில் அவளுடைய வலது கை மட்டும் வரும். அந்தக் கையைப் பார்த்தாலே அது யாரோ பிடிக்காத விருந்தாளிக்குச் சாம்பார் ஊற்றுகிற கை என்று தெரியும் என்பான் முருகவேல். அவன் சொல்வது பொய்யில்லை, நீங்களும் பார்த்தால் அப்படித்தான் சொல்வீர்கள். சினிமா நான்கு. அதில் இரண்டில் அவள் வந்த காட்சியை வெட்டிவிட்டார்கள்.

மீதியெல்லாம் ஆடிஷன். இப்போது அதற்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. வாட்ஸப்பில் காட்சி வரும். வீட்டிலேயே செல்போனில் நடித்து அனுப்ப வேண்டும். பிடித்தால் கூப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் அதைச் சொல்லக்கூட கூப்பிட மாட்டார்கள். எழிலரசி இதுவரை எண்பத்து மூன்று அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் போனைப் பார்ப்பாள். நான்காம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அடுத்த காட்சியைப் படிக்க உட்கார்ந்துவிடுவாள். அந்த நான்காம் நாள்களைப் பற்றி முருகவேல் பார்க்கிறவர்களிடமெல்லாம் மெச்சிச் சொல்வான். அவனாக இருந்தால் மூன்றாவது ஆடிஷனிலேயே போனைக் கிணற்றில் போட்டிருப்பான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, வீட்டு முன்னாலேயே அவர்களுக்குப் பெட்டிக்கடை. சாதாரண நாளில் பீடி, பிஸ்கட், சோப்பு. பௌர்ணமி வந்தால் பன்னீர் சோடா, மோர், எலுமிச்சை ஜூஸ் என்று கை ஓயாது. மலையைச் சுற்றுகிறவர்கள் ஏழெட்டு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துதான் அங்கே வந்து சேருவார்கள். எழிலரசிக்கு நடிப்புப் பள்ளிக்கூடம் அந்தப் பாதைதான். "கெளம்பற எடத்துல எல்லாரும் பக்திமான் மாதிரி மூஞ்ச வச்சிருப்பாங்க. இங்க வர்றதுக்குள்ள அதெல்லாம் வழியிலயே உழுந்துடும். நெஜ மூஞ்சி நம்ம கடைகிட்டதான் தெரியும்" என்பாள். சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.

இவ்வளவு மெச்சுகிற முருகவேல்தான் அந்தக் காரியத்தையும் செய்தான்.

போன வருஷம் சித்ரா பௌர்ணமி. கடை முன்னால் ஜனக் கடல். எழிலரசி இருபதடி தூரத்தில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சார்ஜில் இருந்த அவளுடைய போன் அடித்தது. எலுமிச்சம்பழ மூட்டை எடுக்கப் போன முருகவேல் எடுத்தான். சிந்துஜா என்று ஒரு பெண், சினிமாவுக்கு ஆள் தேர்வு செய்கிறவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மா வேஷம், நல்ல வேஷம், நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வர முடியுமா என்று கேட்டாள். "வர மாட்டாங்கம்மா. இன்னிக்கு பௌர்ணமி" என்றான் முருகவேல். அடி அண்ணாமலையில் யாரிடம் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தை போதும், மேலே கேள்வி வராது. சென்னைப் பெண்ணுக்கு அது புரியவில்லை. சரி என்று வைத்துவிட்டாள்.

அன்று வேலை மும்முரத்தில் சொல்லவில்லை. மறுநாள் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு மறுநாள், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான்.

தை மாதம் அந்தப் படம் வந்தது. எழிலரசிதான் அவனைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சமையல்காரம்மாவாக வேறு ஒரு நடிகை. திரும்பி வருகிற வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு எழிலரசி அந்த நடிகையைப் புகழ்ந்து தள்ளினாள். "அந்தம்மா கரண்டிய கீழ வக்கிற எடம் பாத்தீங்களா? நானா இருந்தா சத்தமா வச்சிருப்பேன். அவங்க மெதுவா வச்சாங்க பாருங்க, அதான் நடிப்பு." பொறாமை என்ற ஒன்றை அவள் உடம்பில் வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. முருகவேல் பைக்கை ஓட்டினான்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதே சிந்துஜாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அக்கா, போன தடவதான் உங்களால வர முடியல. இது அத விட பெரிய ரோல். டைரக்டர் நாளைக்கு சாயந்திரம் முடிவு பண்றார். ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

"போன தடவையா?" என்றாள் எழிலரசி. "யாரையோ நெனச்சுகினு பேசுது."

முருகவேல் சோடா பாட்டில் கழுவப் போனான். கழுவின பாட்டிலையே கழுவினான்.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் சாம்பல் நிறப் புடவையைத் திரையாகக் கட்டினாள். நாள்காட்டியைக் கழற்றினாள். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தினாள். போனை ஸ்டாண்டில் வைத்து, ஸ்டாண்டை அரிசி டப்பாவோடு கட்டினாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எதிராளியின் வசனத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். எப்போதும் எதிர்வீட்டுத் தையல்காரி வேதாதான் படிப்பாள். அன்று பார்த்து அவள் கீழ்பென்னாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள். ஆகவே முருகவேல்.

காட்சி இதுதான். ஒருத்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். புருஷன் வந்து, அவளுக்குத் தெரியாமல் நிலத்தைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான். இரண்டு நிமிடம் அவன்தான் பேசுகிறான். அவளுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில்: "சரி. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்." கேட்பதுதான் நடிப்பு.

முருகவேல் படித்தான். எழிலரசி நிறுத்தினாள்.

"ரேஷன் கடையில பேர் கூப்புடற மாதிரி இருக்குதுங்க."

மறுபடி படித்தான். இந்த முறை குரலில் ஏற்ற இறக்கம் ஜாஸ்தியாகிப் பட்டிமன்றம் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதில் பக்கத்து வீட்டு மிக்ஸி. நான்காவதில் மயில். ஐந்தாவது சுமாராக வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு எழிலரசி உதட்டைப் பிதுக்கினாள். "நான் கேக்கற மாதிரி நடிக்கிறேன். கேக்கல." மணி நாலரை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு முறத்தைத் திரும்ப மடியில் வைத்தாள்.

"பேப்பர கீழ போடுங்க. உங்க வார்த்தையில சொல்லுங்க. நெஜமாவே எங்கிட்ட எதையோ மறைச்சிட்டதா நெனச்சுகினு பேசுங்க."

அவள் அதை வேலை முறையாகத்தான் சொன்னாள். முருகவேல் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவள் எட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"எழிலு" என்றான். "போன வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு உனுக்கு ஒரு போன் வந்துச்சு. நாந்தான் எடுத்தேன்."

அவள் ஒரு கடலையை உடைத்தாள்.

"மறுநாள் காலைல சென்னைக்கு வரச் சொன்னாங்க. நீ வரமாட்டேன்னு சொல்ட்டேன். உங்கிட்ட கேக்கவேயில்ல. தியேட்டர்ல பாத்தமே, கரண்டிய மெதுவா வச்சாங்கன்னு சொன்னியே, அந்த வேஷம். மொதல்ல உன்னத்தான் கூப்ட்டாங்க."

அவளுடைய விரல் நின்றது. பிறகு மறுபடி வேலை செய்தது. ஆனால் பருப்பு தோலோடு விழுந்தது, தோல் பருப்போடு விழுந்தது.

"கடையில கூட்டம்னு அப்ப எனக்கு நானே சொல்லிக்கினேன். அது இல்ல. எப்படியும் உன்ன எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எத்தினி அனுப்பிட்ட, ஒண்ணும் ஆவல, இதுக்கும் போயி சும்மா திரும்பி வருவன்னு நெனச்சேன். நீயே அப்படி ஒரு நாள் நெனச்சதில்ல. நான் நெனச்சிட்டேன்."

முருகவேலுக்குக் கண் மறைத்தது. எழிலரசி அவனைப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அவன் பார்க்காத முகம் அது. அவள் எழுந்து ஓடி வந்து அறைந்திருக்கலாம், முறத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். கேட்கிறவர்கள் எல்லாரும் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் கேமராவில் தெரிகிற சட்டத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. கையிலிருந்த கடலையைப் பார்த்தாள். முறத்தில் வைத்தாள், மெதுவாக, சத்தமில்லாமல்.

"சரி" என்றாள். முறத்தின் ஓரத்தை விரலால் துடைத்தாள். "கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."

மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை, வெறும் களைப்பு. மலையில் பாதி சுற்றி வந்தவர்களின் குரல். எப்போதும் போல மனதுக்குள் மூன்று எண்ணி, அதற்கப்புறம்தான் எழுந்து வந்து பதிவை நிறுத்தினாள். அந்த மூன்றை எப்படித்தான் எண்ணினாளோ, முருகவேலுக்கு இன்றுவரை புரியவில்லை.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அதை ஒரு முறை போட்டுப் பார்த்தாள். முதுகு குலுங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இதுதான் நல்லா வந்துருக்குது. ஆனா உங்க குரல் இருக்குது. சிந்துஜா கேட்டா யாருன்னு தெரிஞ்சிடும். டைரக்டரும் கேப்பாரு. அஞ்சாவது டேக்கும் அனுப்பலாம், அது உங்க இஷ்டம்."

"இத்தயே அனுப்பு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுதான் சொல்றேன். உன் பொழப்புல ஒரு தபா மண்ணப் போட்டேன். இன்னொரு தபா போட மாட்டேன்."

ஐந்து இருபதுக்கு அனுப்பினாள். முருகவேல் கொல்லைப் பக்கம் நடந்தான்.

"எங்க போறீங்க?"

"கை கழுவ."

"அது வசனம்" என்றாள் எழிலரசி. "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

அதற்கப்புறம் அவள் சொல்லவும் இல்லை. சமைத்தாள், கடையைப் பார்த்தாள், அவனுக்குச் சோறு மூடி வைத்தாள். முருகவேல் தனியாகத் தின்றான். மூன்று நாள் அவள் போனைப் பார்த்தாள். நான்காம் நாள் தலைக்குக் குளித்தாள், அடுத்த காட்சியைப் படிக்க உட்கார்ந்தாள். அதைப் பார்த்துவிட்டு முருகவேல் கொல்லையில் போய் நின்று அழுதான்.

ஆடிப் பௌர்ணமி அந்த முறை காலையிலேயே தொடங்கிவிட்டதால் மத்தியானமே பாதை நிறைந்துவிட்டது. பாதைக்கு எதிர்ப்பக்கம் மயங்கி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு எழிலரசி மோர் எடுத்துப் போயிருந்தாள். எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே வந்தான் முருகவேல். சார்ஜில் இருந்த போன் அடித்தது. சிந்துஜா.

அவன் எடுக்கவில்லை. அடிக்க அடிக்க அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினான். கிரிவலக் கூட்டத்துக்குக் குறுக்கே யாரும் ஓட மாட்டார்கள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான்கு பேரின் திட்டையும் ஒருவருடைய முழங்கையையும் வாங்கிக்கொண்டு அவன் ஓடினான். பாதி வழியில் மணி நின்றது. மறுபடி அடித்தது.

"எழிலு, போன்."

அவள் வாங்கினாள். கேட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணியா? இன்னிக்கு இங்க பௌர்ணமிங்க" என்றாள். முருகவேலைப் பார்த்தாள். "வரேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "டைரக்டர் நேர்ல பாக்கணுமாம். வண்டியெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டிருப்பாங்க. இப்பவே நடந்தாதான் ராத்திரிக்குள்ள சென்னை போவ முடியும்."

"பைய நான் தூக்கினு வரேன்."

"கடை?"

"கெடக்குது."

அவள் வீட்டுக்குள் போனாள். துணி எடுத்து வைத்தாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அவன் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து நின்றாள்.

"கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."

முருகவேல் கத்தியோடு அப்படியே நின்றான். இதுவும் வசனமா என்று கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு தட்டு போட்டிருந்தாள், பக்கத்தில் பக்கத்தில்.

கடை முன்னால் சோடாவுக்குப் பத்துப் பேர் நின்றார்கள். "கொஞ்ச நேரம் ஆவுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவன் கை கழுவப் போனான்.