ஒரு செம்புத் தண்ணீர்

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில், காய்ந்த மிளகாய் வத்தலை அப்படியே சாக்கில் போட்டு மிதிக்க மாட்டார்கள், நொறுங்கிவிடும். ஒரு செம்புத் தண்ணீரைக் கையால் தெளித்து, பதமாக்கித்தான் மிதிப்பார்கள். அந்தச் செம்புதான் போன வருஷம் பேச்சிச்செல்வியின் குடியைக் கெடுத்தது. தூத்துக்குடியில் கப்பலேற இருந்த அவளுடைய குண்டு வத்தலில் பூஞ்சை இருக்கிறது என்று சொல்லி ஏற்றுமதிக் கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது.

புருஷன் சுடலைக்கண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா, அடுத்த வருசம் கடை விதைதான். ஒன் நாட்டுக் குண்டுக்கு ஒரு கும்பிடு."

பன்னிரண்டு வருஷமாகப் பழம் பழமாகப் பொறுக்கி அவள் விதையெடுத்த மிளகாய் அது. விட்டுவிடுவாளா?

"வத்தல் மேல குத்தமில்ல, செம்பு மேலதான் குத்தம். இந்த வருசம் சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"தெளிக்காம மிதிச்சா பொடியால்லா போவும்?"

"சாயங்காலம் கடக்காத்து வரட்டும். பொறவு பேசுங்க."

பகலெல்லாம் மொறுமொறுவென்று கிடந்த வத்தல், கடல்காற்று பட்டதும் தோல் வளைந்து கொடுத்தது. இரண்டு சாயங்காலத்தில் இருபது மூட்டை கட்டினார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். தெளித்துப் பழகிய சுடலைக்கண்ணன் கை சும்மா இருக்குமா?

தூத்துக்குடியில் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில், தரம் பார்க்கும் விஜிலா சாக்கில் குத்திப் பார்க்கும் குத்தூசியோடு வந்தாள். சுடலைக்கண்ணன் ஒரு மூட்டையை மறைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியும், முழியை மாற்றத்தான் தெரியாது. பேச்சிச்செல்வி அவனை நகர்த்திவிட்டு, அந்தச் சாக்கிலிருந்து ஒரு வத்தலை உருவிக் காதோரம் ஆட்டினாள். நன்றாகக் காய்ந்த குண்டு வத்தல் என்றால் உள்ளே விதை கலகலக்கும். இது வாயே திறக்கவில்லை.

பேசாமல் இருந்தால் ஒருவேளை தப்பிவிடலாம். ஒருவேளைதானே?

"தாயி, இந்த மூட்டைய எடுக்காதீங்க. இதுல தண்ணி பட்டிருக்கு."

விஜிலா ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தாள். மற்ற மூட்டைகளில் பத்து, இதில் பதினாறு. "மெஷினுக்கு முந்தி ஒங்க காது சொல்லிட்டே, அக்கா!" என்றாள். பத்தொன்பது மூட்டை உள்ளே போனது. ஒன்று வீட்டுக்குத் திரும்பியது.

எட்டாம் நாள் விஜிலா போன் பண்ணினாள். பேச்சிச்செல்வி வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, சோதனையில பூஞ்சை துளிகூட இல்ல. சரக்கு கப்பல் ஏறுது. அடுத்த வருசமும் இதே வத்தல்தான் வேணுமாம். விதைய மாத்திராதீங்க!"

பேச்சிச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கேட்டுதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

சுடலைக்கண்ணன் எழுந்து உள்ளே போனான். அந்தச் செம்பைத் தேடியெடுத்து ஈரம் போகத் துடைத்தான். அவள் பொறுக்கி வைத்திருந்த நாட்டு விதையைச் சாம்பல் கலந்து அதில் கொட்டி, வாயைத் துணியால் இறுகக் கட்டினான்.

"இனி இதுல தண்ணி மோக்க முடியாதுளா," என்றான்.