டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். வகுப்பில் பிள்ளைகள் தூங்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று இருபது வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பாவிடமிருந்து வந்த பேச்சு அது. இப்போது கம்பத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஜெபஷீலா டீச்சர் வகுப்பென்றால் சிரிப்புக்குக் குறைவிருக்காது என்பார்கள். யாரை வைத்துச் சிரிக்கிறோம் என்று நான் யோசித்ததே இல்லை.

முதல் பாடம் இயக்க விதிகள். முடிந்ததும் ஒரு தேர்வு வைத்தேன். ‘ஓடும் வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? ஏன்?’ முன்பக்கம், நிலைமத்தால். அவ்வளவுதான் விடை. இரண்டு மதிப்பெண்ணை இனாமாகக் கொடுக்கிற கேள்வி.

அனுஷ்கா என்ற பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். ‘பக்கவாட்டில் சாய்வார்கள். வண்டி நின்றாலும் உடம்பு நிற்காது. டிரைவருக்குப் பின்னால் இருப்பவர் மேல் எல்லாருடைய பாரமும் விழும். எங்கள் அம்மா அந்த இடத்தில்தான் உட்காருவார்.’

விடைத்தாள் கொடுக்கும்போது அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

“ஏத்தா, ஒங்க ஊரு வண்டி என்ன நண்டா, பக்கவாட்டுல போறதுக்கு?”

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எழுந்து நின்றபடி அனுஷ்காவும் சிரித்தாள். தாளில் பூஜ்யம் போட்டுத்தான் வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே அவளுக்கு நண்டு என்று பேர் விழுந்தது. என் காதிலும் பட்டது. நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மலைக்கு மேலே வண்டன்மேட்டில் அத்தை மகள் கட்டிய புது வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டேன். ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து கம்பத்துக்கு இறங்கும் ஜீப் ஒன்று, நான் கை காட்டியதும் நின்றது. காலையில் பெண்களை அடைத்துக்கொண்டு மலையேறும் அந்த ஜீப்புகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஏறியது கிடையாது.

டிரைவர் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பேர். பின்னால் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஒரு சீட்டு. முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரும் புதிருமாகப் பெண்கள்.

“அடியே நகருங்கடி, எங்க டீச்சரு! இங்கன வாங்க டீச்சர், இங்கன வாங்க. நாந்தேன் அனுஷ்கா அம்மா, சோணையம்மா.”

டிரைவருக்குப் பின்னால், இரும்புக் கம்பியை ஒட்டி அவர் உட்கார்ந்திருந்தார். கம்பியில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. இவ்வளவு பேரை நெருக்க வேண்டாமே என்று, அந்த ஓரத்தில் நான் ஒண்டிக்கொள்கிறேன் என்றேன்.

“அய்யய்யோ, அந்த எடம் ஒங்களுக்கு ஆகாது. பழகாதவுகள அங்கன வைக்க மாட்டோம்” என்று என்னைத் தனக்கு அடுத்து உட்காரவைத்தார்.

கம்பம்மெட்டு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, நாங்கள் நிற்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் இருந்த நான்கு பேர் என் மேல் சரிய, நான் சோணையம்மாள் மேல் மொத்தமாகப் போய் விழுந்தேன். அவர் முழங்கையைக் கம்பியில் ஊன்றி எங்கள் ஐந்து பேரையும் தாங்கினார். “ம்” என்றொரு சத்தம் மட்டும் வந்தது.

ஜீப்புக்கு முன்பக்கம் எதுவோ அது எங்களுக்குத் தோள் பக்கம். என் பாடப்புத்தகத்து வண்டியில் எல்லோரும் டிரைவரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அடி பட்டிருச்சாம்மா?”

“பழகிருச்சு டீச்சர். ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?”

ரவிக்கைக் கைக்குக் கீழே அவர் தோல் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அது இன்றைக்கு வந்ததல்ல.

லாரி ஒதுங்கி வண்டி நகர்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். “அனுஷ்கா எழுதுனத நீங்களே கிளாசுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனீகளாம்ல? வந்து சொன்னா. நான் வீட்ல பொலம்புறத எழுதி வச்சிருக்கா, கழுத!”

“எங்ககிட்ட ரெண்டு வாரமா இதே பேச்சுத்தேன் டீச்சர்” என்றாள் எதிரே இருந்தவள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பிள்ளை நான் வாசித்ததைச் சொல்லியிருக்கிறாள், வகுப்பு சிரித்ததைச் சொல்லவில்லை. அம்மா நோகக் கூடாதென்றா, சொல்ல வெட்கப்பட்டா, தெரியவில்லை. எப்படியிருந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“நல்லா எழுதியிருந்தா” என்றேன்.

“எத்தன மார்க்கு டீச்சர்?”

“ரெண்டுக்கு ரெண்டு.”

சோணையம்மாள் எதிர்ச் சீட்டைப் பார்த்துக் கேட்டியா என்பதுபோல் தலையாட்டினார்.

திங்கட்கிழமை அனுஷ்காவின் தாளை வாங்கிப் பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டேன். கரும்பலகையில் ஜீப்பை வரைந்து, இரண்டு ஓரச் சீட்டையும் காட்டினேன். “அவ எழுதுனது சரி. நான்தான் தப்பு. நான் கேலி பண்ணுனது அதவிடப் பெரிய தப்பு” என்றேன். அவள் விடையை மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். ‘பக்கவாட்டில்’ என்றதும் பின் பெஞ்சில் ஒருவன் களுக்கென்றான். அடுத்தவனுக்குத் தொற்றியது. அப்புறம் வகுப்பே சிரித்தது. இந்த முறை நான் சிரிப்புக் காட்டவில்லை. நான் போட்ட சத்தத்தில் அடங்கினார்கள்.

மணி அடித்தது. வராண்டாவில் எவனோ கத்தினான்: “ஏ நண்டு, ஒனக்கு மார்க்கு கூடிருச்சாம்ல!”

தள்ளிவிட்ட பொருள் வேறொரு விசை தடுக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். வருடா வருடம் நானே எழுதிப்போடுகிற முதல் விதி. தள்ளிவிட்டவளும் நானே.

ஓடிப்போய் அனுஷ்காவின் கையைப் பிடித்தேன். “இனிமே யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா எங்கிட்டச் சொல்லுத்தா. என்னை மன்னிச்சிரு” என்றேன்.

அவள் அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

“பரவால்ல டீச்சர், பழகிருச்சு.”