விளையாட்டுச் சாமான் அறை

கடைசி மணி அடித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் பெற்றோரைச் சந்திப்பதற்காக நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சிட்டுவின் அம்மா வாசலில் வந்து நின்றாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அனுமதி கேட்டுக்கொண்டு, வேலை உடுப்போடேயே ஓடி வந்திருந்தாள்.

"சிட்டு எங்க டீச்சர்?"

"கேட் பக்கத்துலதானே நிப்பா? பாக்கலையா?"

"அங்க யாருமே இல்லியே."

டீச்சர் நோட்டுகளைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். சிட்டுவின் பை நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நேரமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் பட்டியலை வாட்ச்மேன் நீட்டினார். சிட்டுவின் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. "என்னைத் தாண்டி ஒரு எறும்புகூடப் போகலம்மா," என்றார். கழிப்பறை, மாடிப்படி, குழாயடி, நூலக அலமாரிச் சந்து என்று மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினார்கள். கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை.

மைதானத்து ஓரத்தில் அம்மா நின்றுவிட்டாள். "உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்? முப்பது புள்ளைங்கள்ல ஒண்ணு குறைஞ்சா தெரியாதா உங்களுக்கு?"

'மூணு தடவ நோட்டுல எழுதி அனுப்பினேனே, ஒரு தடவயாவது வந்தீங்களா?' என்று டீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "வீட்டுல பயந்துட்டா சிட்டு என்ன செய்வா?"

"பீரோவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவா. கத்திக் கூப்பிட்டாலும் வாயத் திறக்க மாட்டா. ஆனா இன்னைக்கு எதுக்கு அவ பயப்படணும்?"

எதற்கென்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கணக்கை முடிக்காமல் சிட்டு அரட்டை அடித்தபோது, "இரு இரு, சாயங்காலம் உங்கம்மா வரட்டும். உன் வண்டவாளத்தையெல்லாம் எடுத்து விடுறேன்," என்று பாதி விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். அதன்பிறகு அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

கடைசிப் பாடவேளை மைதானத்தில். முடிந்ததும் பந்துகளையும் வளையங்களையும் சாமான் அறைக்குள் அள்ளிப் போட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டியது அவளேதான். சாவி அவள் கைப்பைக்குள் இருந்தது.

வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துத் திறக்கச் சொன்னால் போதும், யார் பூட்டினார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நினைப்பு ஒரு கணம் வந்துதான் போனது.

"சாமான் ரூம்ல இருப்பா. நான்தான் பூட்டினேன்," என்றாள்.

"ஐயோ டீச்சர், அவளுக்கு மூச்சிரைப்பு இருக்கு!"

"ஃபார்ம்ல எழுதலையே நீங்க?"

"எழுதினா சேத்துக்க மாட்டாங்களோன்னு..."

மேற்கொண்டு பேச நேரமில்லை. ஓடினார்கள். அவசரத்தில் டீச்சரின் சாவி பூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா வெடுக்கென்று பிடுங்கித் திறந்தாள். அனல் காற்றும் ரப்பர் நாற்றமும் முகத்தில் அடித்தன. சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால், முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள் சிட்டு. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில்போல ஒரு சத்தம். உதடு நிறம் மாறியிருந்தது.

டீச்சர் அவளைத் தூக்கி வெளிக்காற்றில் உட்கார வைத்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். அம்மா தன் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி இன்ஹேலரை எடுத்தாள். "இழு கண்ணு. மெதுவா. அப்படித்தான்." ஒன்று. காத்திருந்தார்கள். இன்னொன்று. மறுபடியும் காத்திருந்தார்கள். விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தபோதுதான், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது டீச்சருக்கு உறைத்தது.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டர் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார்.

"கத்தியிருக்கலாம்லடி?" அம்மா சிட்டுவின் தலையைக் கோதினாள்.

"கத்தினா நீங்க ரெண்டு பேரும் வந்துடுவீங்களே."

"வந்தா என்ன?"

"நான் சாப்பிடலன்னா டீச்சர்கிட்ட சொல்லுவேன்னு நீ சொல்லுவ. கணக்குப் போடலன்னா உன்கிட்ட சொல்லுவேன்னு டீச்சர் சொல்லுவாங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா..."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசித் தரையைப் பார்த்தார்கள். வீட்டில் டீச்சர் பூச்சாண்டி, பள்ளியில் அம்மா பூச்சாண்டி.

அம்மாதான் முதலில் கேட்டாள். "என்ன சொல்லத்தான் வரச் சொன்னீங்க?"

"கடன் வாங்கிக் கழிக்கிறதுல தடுமாறுறா. கதை வாசிக்கிறதுல வகுப்பிலேயே இவள அடிச்சுக்க ஆளில்ல. ரெண்டையும் சொல்லத்தான்."

சிட்டு தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில், பார்க்காமல் பூட்டியது நான்தான் என்று டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எதிரே உட்கார்ந்து, அம்மா சேர்க்கைப் படிவத்தில் காலியாக விட்டிருந்த கட்டத்தை நிரப்பினாள். எழுந்தபோது, "என் கோவம் இன்னும் ஆறல டீச்சர்," என்றாள்.

"ஆறலன்னா பரவாயில்லம்மா. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. இந்தத் தடவ சிட்டுவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டே பேசலாம்."

"நாலு மணிக்கு மேலதான் வர முடியும்."

"வாங்க. இருக்கேன்."