வாசல் புத்தகத்தில் இல்லாத ஜனாஸாக்கள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பத்தாண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்த விரிவுரையாளன் நான் ஒருவன்தான் என்பது அங்கே பொதுவான எண்ணம். பாலாவி தாண்டிக் கற்பிட்டிப் பக்கம் போனால் கடல்நீர்க் களப்போரமாக அந்த வளாகம் வரும். வரைபடத்தில் தேடாதீர்கள், இந்தக் கதைக்காக அதைக் கட்டியவன் நான்.

இப்படித் தொடங்கினேன்: "இருபத்தாறு மாணவர்களோடு ஒரு பழைய தும்பு ஆலையில் பிறந்த எமது நிறுவனம், இன்று ஒன்பது கட்டடங்களும் மூவாயிரம் மாணவர்களுமாக..."

அதோடு நின்றுவிட்டது. அந்த ஒன்பது கட்டடங்களுக்கும் பின்னால் ஊராரை அடக்கம் செய்யும் மையவாடி ஒன்று இருக்கிறதே, அதை எந்த வசனத்தில் வைப்பது?

2.

வேறு தொடக்கம்.

அபூசாலி வாசல் காவலாளி. ஊர்க்காரர், முதல் நாளிலிருந்து இருப்பவர். வளர்ச்சியைக் கட்டடம் கட்டடமாக நாங்கள் எண்ண, அவர் மையவாடிக்குப் போகும் பாதையைக் கொண்டு எண்ணினார். முதல் வருடம் இறந்தவரின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து ஊரார் மணலில் நேரே போனார்கள். மூன்றாம் வருடம் முள்ளுக்கம்பி வந்தது, ஆள் நுழைய இடம் விட்டிருந்தார்கள். ஐந்தாம் வருடம் மதில் வந்தது. அதன் பிறகு மௌத்தானவர்களும் பிரதான வாசலால்தான் வரவேண்டும் என்றாயிற்று.

வாசலுக்கு ஒரு புத்தகமும் வந்தது. உள்ளே வருகிற எவரையும் பதியாமல் விடக்கூடாதென்று கட்டளை. அபூசாலி கட்டளையென்றால் கட்டளைதான் என்கிற ஆள். செய்னுலாப்தீன் என்ற மீன் முதலாளியின் ஜனாஸா வந்தபோது ஒழுங்காக எழுதினார். பெயர்: செய்னுலாப்தீன். நோக்கம்: அடக்கம். உள்ளே சென்ற நேரம்: 4.40. வெளியேறிய நேரம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். பாவம், வேறென்ன செய்வார்!

மறுநாள் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: "வெளியேறாத விருந்தினர் குறித்து விளக்கம் தருக." கந்தோரே விழுந்து விழுந்து சிரித்தது. (நானும் சிரித்தேன். கதையில் இதை மறைக்கலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.) இனி இப்படி எழுத வேண்டாம் என்றார்கள். அன்றிலிருந்து சுமந்து வருகிறவர்களில் ஒருவருடைய பெயரை மட்டும் எழுதி, நோக்கம் "தனிப்பட்ட விடயம்" என்று போட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி பௌசியா போனபோதும் புத்தகத்தில் அதே இரண்டு சொல்தான்.

3.

இனி கில்பட். எங்கள் நிர்வாக அதிகாரி, சிலாபத்துக்காரர். அவருக்கு முதலில் கடுமையான முகமும் உறுமலும் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஜனாஸா கடக்கும்போது கதிரையை விட்டு எழுந்து நிற்கிற மனிதர் அவர். உறுமலை அழித்துவிட்டேன்.

"அபூசாலி, பத்தாவது கட்டடம் பாதைக்கு மேலதான் வரப்போகுது. கடைசி நாலு வருசப் புத்தகத்தயும் பாத்திட்டன். ஒரு ஜனாஸாவும் போகல்ல, பாவிக்காத பாதய மூடலாம். இந்தக் கடிதத்தில ஒரு ஒப்பம் வையுங்க."

"போகல்ல எண்டில்ல சேர். எழுதல்ல. எழுத வேணாமெண்டு நீங்கதானே சொன்னீங்க."

"மேலிடம் கேக்கிறது புத்தகத்த." கில்பட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகளிட ஃபைலும் என்ட மேசையிலதான் கிடக்கு. வியாழக்கிழமை நேர்முகம், என்ன?"

மகள் அக்கீலா எங்களிடம் படித்தவள். இரண்டு வருடமாக ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர். வியாழக்கிழமை நிரந்தரமாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். அபூசாலிக்கு வருகிற மார்கழியில் ஓய்வு. பாதை அடைபட்டால் அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பௌசியாவிடம் போய் நிற்க அவரால் முடியாது. அவருடைய ஜனாஸாவும் அவள் பக்கத்துக்குப் போகாது.

4.

வீட்டுக் காட்சி. அக்கீலா சொல்கிறாள்: "எனக்கு இந்த வேல வேணாம் வாப்பா, உம்மாதான்..."

பொய். நான் எழுதிக்கொடுத்த பேச்சு அது. அவளுக்கு வேலை வேண்டும். வேண்டாமலா இரண்டு வருடமாகத் தற்காலிகச் சம்பளத்துக்கு வருகிறாள்? அவள் உண்மையில் சொன்னது இது:

"வாப்பா, உம்மா எங்க இரிக்கிறாங்கண்டு நமக்குத் தெரியுந்தானே. கடுதாசியில இல்லாட்டி என்ன?"

சொல்லிவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். அபூசாலி அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

5.

மறுநாள் காலை அபூசாலி கடிதத்தோடு என் அறைக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"வாசிச்சிட்டன் சேர். 'நானறிந்தவரையில் கடந்த நான்கு ஆண்டுகளில் இப்பாதையால் எந்த ஜனாஸாவும் எடுத்துச் செல்லப்படவில்லை.' நல்ல தமிழ். கில்பட் சேருக்கு இப்பிடி எழுத வராது."

நான் மேசையைப் பார்த்தேன்.

"நீங்களா எழுதினீங்க?"

"ஓம்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எழுதுவதற்கு எவ்வளவு இலேசு!

"பௌசியாக்கு நீங்களும் வந்தீங்களே சேர்," என்றார். "மூணு பிடி மண்ணும் போட்டீங்களே."

6.

முடிவுகள்.

(அ) அபூசாலி ஒப்பமிடுகிறார். அக்கீலாவுக்கு வேலை கிடைக்கிறது. பத்தாவது கட்டடம் எழும்புகிறது. மலரில் அதன் வண்ணப்படம்.

(ஆ) அபூசாலி மறுக்கிறார். அக்கீலா வீட்டில். கில்பட் வேறொரு காவலாளியைக் கூப்பிடுகிறார், பாதை அப்போதும்...

(இ) விரிவுரையாளன் எழுந்து கில்பட்டிடம் போய், "சேர், நானே அந்தப் பாதையால் ஒரு ஜனாஸாவோடு போயிருக்கிறேன், என் ஒப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறான்.

மூன்றாவதை ஐந்து தரம் எழுதிப் பார்த்தேன். ஐந்து தரமும் அவன் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து கதிரையில் இருந்துவிடுகிறான். வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்தாவது கட்டடத்தில் இரண்டு மாடி என்னுடைய துறைக்கு. எனக்கு அங்கே களப்பைப் பார்த்த அறை.

அபூசாலி இன்னும் என் மேசைக்கு முன்னால் நிற்கிறார். பேனை கேட்கிறார். கடிதத்தில் ஒப்பம் வைக்கவா, அந்த வசனத்தை வெட்டவா என்று சொல்லவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாசகரே. என்னிடம் விடாதீர்கள். அவர் ஒப்பமிட வேண்டுமென்றுதான் நான் விரும்புகிறேன்.