நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

எங்கள் நிறுவனம் குழந்தைகளுக்காக ஒரு கணினி விளையாட்டை நடத்துகிறது. ஒரு கழித்தல் கணக்குக்குச் சரியான விடை தந்தால் திரையில் ஒரு மரம் முளைக்கும். வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தகப்பனார் எழுதியிருந்தார்: "என் மகள் எட்டு மாதமாக வளர்த்தவை நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள். போன புதன்கிழமை முதல் ஒன்றுகூட இல்லை. கணக்கு என்றாலே ஓடி ஒளிந்த பிள்ளை. மறுபடியும் நோட்டைத் தொட மாட்டேன் என்கிறாள்." கீழே பயனர் பெயர்: டெஸ்ட்1234.

அந்தப் புதன்கிழமைதான் நாங்கள் சோதனைக்காக உண்டாக்கிய பெயர்களை எல்லாம் அழித்தோம். 'டெஸ்ட்' என்று தொடங்கினால் நம்முடையதுதான் என்று பட்டியல் கொடுத்தவள் நான்.

தகப்பனாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "இந்தப் பேரு ஏன் சார் வெச்சீங்க?"

"நீங்கதானம்மா காட்டியிருந்தீங்க! பேரு எழுதற கட்டத்துல மங்கலா அப்படித்தான் இருந்துச்சு. அச்சுப் பிசகாம அடிச்சேன். தப்பா?"

"தப்பு எங்க பக்கம் சார்."

சர்வர்களைக் கவனிக்கும் அண்ணனிடம் ஓடினேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்பார்.

"நகல் ஏழு நாள்தான் இருக்கும். போன செவ்வாய் எடுத்தது இன்னிக்கு அஞ்சு மணிக்குத் தானா அழிஞ்சிடும். அதை இறக்கிப் பாக்க வேற ஒரு சர்வர் வேணும். மேடத்தைக் கேளு."

மேலாளர் நிமிரவே இல்லை. "ஒரு குழந்தைக்காக ஒரு சர்வரா? மன்னிப்புக் கடிதம் ஒண்ணு அழகா எழுதுங்க. அதுல நீங்க கெட்டிக்காரியாச்சே."

"எழுதறேன் மேடம். சரிபாக்காம பட்டியல் கொடுத்தது நான்தான்னும் எழுதறேன். ஆனா அதைப் படிச்சா அந்தப் பிள்ளை நோட்டை எடுக்குமா?"

மேலாளர் இப்போது நிமிர்ந்தார். "எத்தனை மரம்னீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு."

"என் பையன் முப்பதைத் தாண்டல. சரி, இறக்கச் சொல்லுங்க."

நாலேமுக்காலுக்குத் தோட்டம் திரையில் வந்தது. எண்ணிக்கை நானூற்றொன்பது. நகல் எடுத்த பிறகு, அன்று சாயங்காலம் முளைத்த மூன்று மட்டும் இல்லை.

"மூணுதானே? நானே நட்டு விட்டுடறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அண்ணன்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடியும் அழைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பா, குடுங்கப்பா" என்றது. அடுத்த நொடி மகளே பேசினாள்.

"ஆன்ட்டி, நீங்க போட வேணாம். நீங்க போட்டா அது உங்க மரம்."

"அப்போ அந்த மூணு?"

"நான் போட்டுக்கறேன். இருங்க, நோட்டு எங்க வெச்சேன்னு பாத்துட்டு வரேன்."

தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது.