வானத்தில் ஒரு கிழிசல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் தொப்பையால் வந்தது. இரண்டு கால்சட்டைகளை இடுப்பில் பிரித்து விடச் சொல்லித் தையற்கடையில் நின்றுகொண்டிருந்தேன். "என் தையலை எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிருவேன் சார். பஸ்ல முன்னாடி நிக்கிறவன் காலரைப் பார்த்தே சொல்லுவேன்," என்றார் கடைக்காரர். அதே வாரம், போரில் கொள்ளைபோன ஓவியங்களை உரியவர்களிடம் திருப்பித் தருவது பற்றி ஒரு செய்தி படித்தேன். இரண்டும் தலைக்குள் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றன.

2

முதல் தொடக்கம்:

மழை ஓய்ந்த மாலையில், நடுங்கும் கைகளோடு அந்த முதியவள் அருங்காட்சியகத்தின் படிகளில்—

(நடுங்கும் கையாம்! அறுபத்தெட்டு வயது என்றால் கை நடுங்க வேண்டும் என்று எவன் சொன்னான்? முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது:

காலை பத்து மணி. அருங்காட்சியகத்தின் கூட்ட அறையில் அதே பெண், ஒரு தையல்காரர் மகள், உட்கார்ந்திருக்கிறார். எதிரே அருங்காட்சியகத் தலைவி. ஓரத்தில், கேட்டால் மட்டும் பேச வேண்டியவராக, பழைய ஓவியங்களைச் சீர்செய்பவர். மேசைமேல் ஒரு படகுத்துறை ஓவியம்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த ஓவியத்தை வரைந்தவர் தையல்காரர் குடும்பத்தின் அடுத்த வீட்டுக்காரர். (தையல்காரர் வீட்டில் இவ்வளவு பெரிய ஓவியமா என்று புருவம் தூக்குபவர்களுக்கு: அந்த ஓவியர் செத்த பிறகுதான் பெரிய ஆளானார். உயிரோடிருந்தபோது அவரை மதித்துப் படத்தைச் சுவரில் மாட்டியவர் தையல்காரர் ஒருவர்தான்.) பிறகு போர் வந்தது. வீடு புகுந்த சிப்பாய்கள் தையல் மெஷினையும் ஓவியத்தையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அப்பா மெஷினுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். அவர் இப்போது இல்லை. படம் பல கை மாறி இந்த அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தைத் திரும்ப வீட்டில் மாட்ட வேண்டும் என்பதுதான் மகளின் ஒரே ஆசை.

"ரசீது, போட்டோ எதுவும் இல்ல மேடம். ஆனா வானத்துல ஒரு கிழிசல் இருக்கும். ஏழு வயசுல ஒட்டடைக் கம்பை வச்சுக் கத்திச் சண்டை போட்டேன், குத்திருச்சு. அப்பா பின்பக்கமா தைச்சாரு. ஒன்பது தையல். ஒரு தையலுக்கு ஒரு திட்டு. அதான் நல்லா ஞாபகம் இருக்கு."

ஓவியத்தைத் திருப்பினார்கள். பின்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. கிழிசலும் இல்லை, தையலும் இல்லை.

"ஸாரிம்மா," என்று தலைவி கோப்பை மூடினார்.

4

இங்கே நான்கு நாள் திணறினேன். காரணம் அந்தச் சீர்செய்பவர். அவரை நம்பலாமா என்று எனக்கே தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தையலைப் பிரித்தவரே அவர்தான். கிழிசலை இழை இழையாகச் சேர்த்து ஒட்டி, பின்னால் புதுத் துணி கொடுத்து, கிழிந்த இடமே தெரியாமல் செய்தார். அவர் செய்ததிலேயே சிறந்த வேலை அது. இப்போது வாயைத் திறந்தால், ஒரு குடும்பத்தின் ஒரே சாட்சியை அழித்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் பேசாமலே இருந்துவிடுவதாக ஒரு வரைவு எழுதினேன். நன்றாகத்தான் வந்தது, சோகமாக, பரிசு வாங்கும் தோரணையில். கிழித்துப் போட்டேன். அந்த மனிதர் பேசியே ஆக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். கீழ போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துர்றேன்."

5

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய ஓவியத்திலிருந்து எதை எடுத்தாலும், அது நூலோ அழுக்கோ, முதலில் புகைப்படம் எடுப்பார்கள். பிறகு குறிப்பு எழுதுவார்கள். எடுத்ததை ஓர் உறையில் போட்டுத் தங்கள் பட்டறைக் கோப்போடு வைப்பார்கள். அவர் கொண்டுவந்த உறைக்குள் மெழுகு பூசிய கறுப்பு நூல் துண்டுகள் இருந்தன. கூடவே ஒரு புகைப்படமும், இளவயதுத் திமிரில் அவர் எழுதிய குறிப்பும்.

"படிங்க," என்றார் தையல்காரர் மகள்.

சீர்செய்பவருக்குக் காது சிவந்தது. "'வானப் பகுதியில் கிழிசல். பின்னால் கறுப்பு நூல் தையல். விவரம் தெரியாத எவனோ செய்த படுமோசமான வேலை.'"

"சத்தமா படிங்க சார். எங்கப்பா எல்லாரையும் திட்டுவாரு. அவரை ஒருத்தர் திட்டி இப்பதான் கேக்குறேன்."

சிரித்தார். பிறகு அழுதார். (நான் அழ வைக்கவில்லை.)

"மன்னிச்சிருங்கம்மா."

"எதுக்கு? தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே."

தலைவி புகைப்படத்தில் தையல்களை எண்ணினார். பேனா முனையை வைத்து இன்னொரு முறை எண்ணினார். பதினொன்று.

6

அதை ஒன்பது என்று மாற்ற எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் அறுபது வருட நினைவு அச்சுப் பிசகாமல் இருந்தால் எனக்கே சந்தேகம் வரும்.

"ஒன்பதுன்னு சொன்னீங்களேம்மா?"

தையல்காரர் மகள் புகைப்படத்தை வாங்கி, விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "அப்ப ரெண்டு திட்டு மறந்துபோச்சு மேடம்."

முடிவு அ: எண்ணிக்கை பொருந்தாததால் கோரிக்கை நிராகரிக்கப்—

(கை வரவில்லை.)

முடிவு ஆ: தலைவி கையெழுத்திட, அறையே கைதட்டலில்—

(யார் தட்டுவது? இருப்பதே மூன்று பேர்.)

கதைக்குள் கையெழுத்துப் போடுவது எனக்குச் சுலபம். என் சுவரிலிருந்து எதுவும் போகப்போவதில்லை. அதனால் தலைவியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன். உட்காருங்கள். ஓவியத்தை ஒப்படைக்கும் படிவம் உங்கள் முன்னால் இருக்கிறது. சீர்செய்பவர் யாரும் சொல்லாமலே ஓவியத்தின் மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். தையல்காரர் மகள் பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து மேசைமேல் விரிக்கிறார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மடித்து எடுத்து வந்திருக்கிறார். அதன் சுருக்கங்களை நீவிவிட்டு உங்களை நிமிர்ந்து பார்க்கிறார்.

"மக கீழ காரோட நிக்குறா. மேல வரச் சொல்லட்டுமா?"