நான்கு இதழ்

ஆராய்ச்சிக்காரிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. திரையில் நான்கு இதழ்ப் பூவாக ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது.

என்ன பூ என்கிறீர்களா, கண்ணுகளா? கடுங்குளிரில் சில பொருள்களுக்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்ளும். மின்சாரம் தடையில்லாமல் ஓடும். சாதாரணமாக அந்தப் பிணைப்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருக்கும். சில முரட்டுப் பொருள்களில் மட்டும் நான்கு திசையில் இறுகி, இடையில் அற்றே போய்விடும். தன் கையிலிருக்கும் படிகமும் அப்படியா என்று, காந்தப்புலத்தைச் சுற்றித் திருப்பி மூன்று மாதம் அளந்தாள். வந்தது இந்தப் பூ. அதைப் பற்றிய கட்டுரை நாளை மாலை ஆய்விதழுக்குப் போகிறது.

படிகம் வளர்த்துக் கொடுத்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கூண்டுப் புலி மாதிரி நடக்குற?"

"அண்ணே, படிகத்தை எப்படி ஒட்டியிருக்கேன்?"

"அடியில இருக்கற செப்புத் தட்டு ஓரத்துக்கு நூல் பிடிச்ச மாதிரி நேரா. உனக்குத்தான் காலண்டர் கோணினாலே தூக்கம் வராதே!"

அவள் நடை நின்றது. தட்டும் சதுரம், படிகமும் சதுரம். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் ஒரே நேராக வைத்திருக்கிறாள். அப்படியானால் பூ யாருடையது, படிகத்தினுடையதா தட்டினுடையதா?

"பேத்து, முப்பது டிகிரி திருப்பி ஒட்டப் போறேன்."

"அடிப்பாவி! இருக்கறது ஒண்ணே ஒண்ணு. உடைஞ்சா?"

"உடையலாம். தெரியாம அனுப்ப முடியாதுண்ணே."

பசையைக் கரைத்து எடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படிகம் பிழைத்தது. மறுபடி குளிர ஓர் இரவு முழுக்கப் பிடித்தது. அந்த இரவில் மேசையை நான்கு முறை துடைத்தாள். வீட்டுக்காரர் போனில் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள்.

மறுநாள் மதியம் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பூ படிகத்தினுடையது என்றால் படிகத்தோடு திரும்ப வேண்டும். திரும்பவில்லை. பழைய இடத்திலேயே, தட்டின் மூலைகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

ஆய்வுக்குழுத் தலைவரைப் போனில் கூப்பிட்டாள். "சார், அனுப்பாதீங்க. பூ படிகத்துல இல்ல, தட்டுல இருக்கு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரிம்மா. நிறுத்திடறேன்."

படிகக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப என் படிகத்துக்குள்ள என்னதான் இருக்கு?"

"அதைத்தான் இன்னும் பார்க்கவே இல்லையே." அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். "அண்ணே, மூலையே இல்லாம வட்டமா ஒரு தட்டு கடைஞ்சு தாங்க. இன்னிக்கே."